சாப்பிடும் முன்பே ‘போதும்’

என் தங்கை கலா, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கமே நான் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தாள். மூன்று வாரம். போன ஞாயிற்றுக்கிழமைதான் தடை நீங்கியது. அதுவும் நிபந்தனையோடு.

நான் அவள் வீட்டில் எதையும் திருடவில்லை. குடித்துவிட்டுக் கலாட்டா செய்யவில்லை. என் குற்றம் – ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல்!

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிப்பதா திட்டுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வாரா வாரம் இந்தப் பத்தியில் ஊரில் உள்ளவர்களை எல்லாம் நான் வறுத்தெடுக்கிறேன், நீங்களும் ரசித்துப் படிக்கிறீர்கள். இந்த வாரம் வறுபடுவது என் முறை.

கலா இருப்பது மந்தின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில். கணவர் முரளிக்கு சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகன் யுகேஷ், வயது இரண்டு. என்ன அவசரமோ, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மூக்கில் ஒரு மெல்லிய டியூப்போடு வந்தான். அது மூக்கு வழியாக உள்ளே போய் வயிற்றில் முடியும். வெளியே தெரிகிற பகுதியைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கலா அதில் சிரிஞ்சை மாட்டி, பாலை ஊற்றி, உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பால் தானாக இறங்கிவிடும். வாய்க்கு வேலையே இல்லை.

முதலில், விழுங்குகிற சக்தி போதாது என்றார்கள். ஒன்றரை வயதில் சோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, “இப்போது விழுங்க முடியும், சாப்பிடப் பழக்கலாம்” என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் பையன் வாயைத் திறந்தால்தானே? பிறந்ததிலிருந்து அவன் வாய்க்குள் போனதெல்லாம் சளி உறிஞ்சுகிற குழாயும் டாக்டரின் குச்சியும்தான். வாய்ப் பக்கம் எது வந்தாலும் வலிக்கும் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவன் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

டாக்டர் ஆறு மாதம் கெடு கொடுத்தார். அதற்குள் வாயால் ஓரளவாவது சாப்பிடத் தொடங்காவிட்டால், வயிற்றில் சின்னத் துளை போட்டு நேராக அங்கே டியூப் வைத்துவிடலாம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, எத்தனையோ பிள்ளைகள் அப்படி நன்றாக வளர்கிறார்கள் என்றும் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால், ஏற்கெனவே இரண்டு தடவை ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நின்றவள் கலா. மூன்றாவது தடவை நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

“ஒரே ஒரு வாய் சோறு அவனா தின்னுட்டான்னா... அது ஒண்ணுதான் அண்ணே எனக்கு வேணும்” என்று காரில் என்னிடம் அழுதாள்.

சரி, வாயால் சாப்பிடாத பிள்ளை ஒன்று நம் ஆட்களுக்கு நடுவில் இருந்தால் என்ன ஆகும்? யாரைப் பார்த்தாலும் “சாப்ட்டாச்சா?” என்று தொடங்குகிற இனம் ஆயிற்றே நாம்! கலா வீட்டு வாசலில் இலவச ஆலோசனைக் கூட்டம் கூடிவிட்டது. தலைவர், பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா.

“இவ்ளோ நாளா டியூப்புல ஊத்துனா எப்படி லா திம்பான்? அத புடுங்கி வீசு. ரெண்டு நாளு பட்டினி போடு. மூணாவது நாளு தட்டையே தின்னுருவான் பாரு!”

சரோஜா அக்கா டாக்டருக்குப் படித்தவர் அல்ல. ஆனால் அந்தச் சின்னக் குறை அவரை ஒருநாளும் தடுத்ததில்லை. ஓமத்தண்ணீர் வந்தது. திருஷ்டி சுற்றிய எலுமிச்சம்பழம் வந்தது. நான் மட்டும் என்ன யோக்கியமா? “எங்கள எல்லாம் முதுகுல ரெண்டு போட்டுத்தான் ஊட்டுனாங்க. நாங்க திங்கலயா?” என்று என் பங்குக்கு நானும் ஒரு பொன்மொழியை உதிர்த்தேன். கலா என் தொப்பையைப் பார்த்தாள்.

முரளிக்கு ஷிஃப்ட் மாற்றக் கிடைக்காது. அதனால் செண்டாயானில் இருக்கிற என் வீட்டிலிருந்து நான் காரை எடுத்துப்போய், தாயையும் பிள்ளையையும் செரம்பான் கிளினிக்குக்கு அழைத்துப்போவேன். சாப்பிடப் பழக்குகிற பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண். பெயர் ஹஸ்லினா; மரியாதையாகப் ‘புவான்’, அதாவது அம்மா, என்போம். அவரிடம் முறை கிடைக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏதாவது மெஷின் வைத்திருப்பார், மருந்து வைத்திருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் ஒரு தட்டில் மசித்த உருளைக்கிழங்கை வைத்து, யுகேஷுக்கு முன்னால் தள்ளிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்!

பிறகு மலாயில் கேட்டார்: “சுக்குப் என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?”

“போதும்” என்றேன்.

“போ-தும்” என்று சொல்லிப் பார்த்தார். “நல்லது. இவனுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது அதுதான்.”

கலா திகைத்துப்போனாள். “அண்ணே, இவன் இன்னும் ஒரு பருக்கைகூடத் தின்னல. அதுக்குள்ள போதும்னு சொல்லிக் குடுக்கணுமாம். என்னா பேசுறாங்க இவங்க?”

ஹஸ்லினாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லா அம்மாக்களும் அந்த இடத்தில் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. பொறுமையாக விளக்கினார். இந்தப் பிள்ளை இரண்டு வருடமாக ஒருநாளும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததில்லை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் பால் இறங்கும். தான் சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தால்தான் தொடங்குவதற்கு அவனுக்குத் தைரியம் வரும். பேச்சு இன்னும் வரவில்லையே, பரவாயில்லை, கையால் சொல்லட்டும். இரண்டு உள்ளங்கையையும் தட்டின்மேல் கவிழ்த்து மூடிக் காட்டினார். இப்படி அவன் மூடியதும் தட்டை எடுத்துவிட வேண்டும். உடனே. யாரும் ஊட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, அவன் வாயையே பார்த்துக்கொண்டும் இருக்கக்கூடாது. நீங்கள் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். டியூப்பில் போகிற பாலை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை நாங்கள் சொல்கிறோம், நீங்களாகக் கைவைக்காதீர்கள்.

எனக்கு அந்தக் கை மூடுவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

புவான், இதே சைகை எங்களிடமும் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் நாங்கள் இலையை இப்படித்தான் மூடுவோம். ஆனால் அதற்கு அர்த்தம் வேறு. விருந்தாளி இரண்டு தடவையாவது போதும் என்று சொல்ல வேண்டும் – அது மரியாதை. பரிமாறுகிறவர் இரண்டு தடவையாவது அதைக் காதில் வாங்கக்கூடாது – அது அதைவிடப் பெரிய மரியாதை. மூடிய கைமேலேயே சாம்பாரை ஊற்றிவிட்டுப் போன மாமாக்கள் எங்கள் குடும்பத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நாங்கள் போதும் என்றால், ‘இன்னும் ஒரு கரண்டி, ஆனால் நான் கேட்டதாக இருக்க வேண்டாம்’ என்று அர்த்தம்.

ஹஸ்லினா விழுந்து விழுந்து சிரித்தார். “எங்கள் வீட்டிலும் அப்படித்தான் லா” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “இந்தப் பையனிடம் மட்டும் வேண்டாம்.”

சும்மா சொல்லக்கூடாது, மருமகன் கெட்டிக்காரன். பத்தே நாளில் பிடித்துக்கொண்டான். தட்டை மூடினான், தட்டு போயிற்று. மறுபடி மூடினான், மறுபடி போயிற்று. உலகத்தில் தன் பேச்சுக்கும் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. எதைப் பார்த்தாலும் மூடினான். முரளியின் போனை மூடினான். தொலைக்காட்சியில் ஒரு அமைச்சர் பேசும்போது எழுந்துபோய் இரண்டு கையாலும் அவர் முகத்தை மூடினான். சரோஜா அக்காவின் வாயையே ஒருநாள் மூடிவிட்டான். எங்களில் யாருக்கும் வராத துணிச்சல்!

இரண்டு மாதத்தில் தட்டில் விரல் வைத்தான். பருப்பைக் கன்னத்தில் பூசிக்கொண்டான். ரசத்தில் தோய்த்த விரலை ஒருநாள் நாக்கில் வைத்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கினான்... மறுபடி வைத்தான். கலா அன்று எனக்கு மூன்று தடவை போன் செய்தாள்.

அங்கேதான் நான் உள்ளே புகுந்தேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முதல் சோறு ஊட்டுவது நம் வழக்கம். இரண்டு வருடமாகக் காத்திருந்த தாய்மாமன் நான். எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று நானே ஏற்பாடு செய்தேன். கலா தயங்கினாள்.

“உதட்டுல தொட்டு வச்சா சரி அண்ணே. அவன் மூடிட்டான்னா நிறுத்திரணும்.”

“எனக்குத் தெரியாதா? நானும்தான கிளினிக்ல இருந்தேன்!” என்றேன்.

புது வேட்டி, பட்டுத் துண்டு, வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல், சுற்றிலும் முப்பது போன்கள். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து அவன் உதட்டில் வைத்தேன். பையன் என்னைப் பார்த்தான். நாக்கை நீட்டி நக்கினான்! கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் திடுக்கிட்டுப்போய், இரண்டு கையாலும் கிண்ணத்தை மூடினான்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

“தம்பி, போட்டோ சரியா விழல லா! உங்க துண்டு மறைச்சிருச்சு. இன்னும் ஒரு வாய் குடுங்க!” என்றார் சரோஜா அக்கா.

நானும்... என்ன சொல்வது, போட்டோவுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “மாமாவுக்காக ஒரே ஒரு வாய்டா கண்ணு” என்று சொல்லி, அந்தச் சின்னக் கைகளை விலக்கிவிட்டு, கரண்டியை வாய்க்குள் தள்ளினேன்.

பையனுக்கு ஓங்கரித்தது. குடித்திருந்த பால் எல்லாம் வெளியே வந்தது, அதோடு டியூப்பும் வந்துவிட்டது. அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படியே காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கையையும் காலையும் இருவர் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாகப் புது டியூப் விட்டார்கள். என் புது வேட்டியெல்லாம் வாந்தி. போட்டோ மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அவனுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான் அண்ணே. அதையும் நீங்க நம்பலயே” என்றாள்.

மறுநாளிலிருந்து யுகேஷ் தட்டைப் பார்த்தாலே அழுதான். ரசமும் இல்லை, பருப்பும் இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தட்டை மூடுவதையே விட்டுவிட்டான். வேலை செய்யாத சுவிட்சை யார் தட்டிக்கொண்டிருப்பார்கள்? டாக்டரின் கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லை. மூன்று மாத உழைப்பை ஒரு போட்டோவுக்காகக் கொட்டிக் கவிழ்த்த பெருமை உங்கள் அபிமானப் பத்தி எழுத்தாளரையே சேரும். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஹஸ்லினாவே கலாவிடம் கேட்டாராம்: “அந்த மாமா எங்கே? அவரைக் கூப்பிடுங்கள். பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவர் போதும் என்று சொல்லட்டும், நீங்கள் நிறுத்துங்கள். பையன் பார்க்கட்டும்.” அதாவது, நான் விருந்தாளி இல்லை. பாடம் நடத்தக் கொண்டுவந்து வைத்த பொம்மை.

போன ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் யுகேஷ் தன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே முரளி. குழைந்த சோறு, மீன் குழம்பு. குழம்பு பிரமாதம்! முதல் தடவை போட்டதை முடித்தேன். கலா மறுபடி கரண்டியோடு வந்தாள். பழக்கதோஷம்... “போதும் போதும்மா” என்று தட்டை மூடினேன். உள்ளுக்குள் இரண்டாவது கரண்டிக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான்.

கலா அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

“கலா... கொஞ்சம்...”

“போதும்னீங்களே அண்ணே.”

“அது சும்மா மரியாதைக்குச் சொன்னது லா!”

“இந்த வீட்டுல இனிமே மரியாதைக்குப் போதும் கிடையாது.”

முரளி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைத் தேடினார். யுகேஷ் சிரிக்கவில்லை. அம்மாவின் கரண்டியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். ஏமாந்துபோன என் மூஞ்சியைப் பார்த்தான். கலா பெரிய மனசு பண்ணி, கொஞ்சம் சோறும் குழம்பும் எடுத்து வந்து என் தட்டில் போட்டுவிட்டு, ரசம் எடுத்து வந்தாள். அப்போது பையன் தன் நாற்காலியிலிருந்து எட்டி, இரண்டு கையையும் என் தட்டின்மேல் வைத்தான். சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவிலேயே.

கலா நின்றாள். ரசத்தோடு திரும்பிப் போனாள்.

பையன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. அப்பளம் வந்தது, மூடினான். அப்பளம் போயிற்று. பாயசம் வந்தது... ஐயோ, பாயசம்! மூடினான். போயிற்று. வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று.

சிரித்து முடித்து, தன் கைகளைப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் குழம்பு. மெதுவாக வாய்க்குக் கொண்டுபோய் நக்கினான்.

யாரும் பார்க்கக்கூடாது என்பது விதி. நான் மின்விசிறியைப் பார்த்தேன். முரளி உப்பு டப்பாவை அக்கறையாகப் படித்தார். கலா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள், தோள் மட்டும் குலுங்கியது.

தட்டை யாரோ தட்டுகிற சத்தம். திரும்பினேன். பையன் என் தட்டைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்தான்.

என்னிடம்! கலாவைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். முள் இல்லாமல் பார்த்து, ஒரு சுண்டைக்காய் அளவு சோற்றைக் குழைத்து, அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளியே கையை நிறுத்தினேன். அவன் முன்னால் வந்து வாங்கிக்கொண்டான். மென்றான், விழுங்கினான். இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து.

ஐந்து முடிந்ததும் இரண்டு கையையும் தட்டின்மேல் கவிழ்த்தான்.

என் விரலில் அடுத்த உருண்டை தயாராக இருந்தது. வாசலில் எப்போது வந்து நின்றாரோ தெரியாது, சரோஜா அக்காவின் குரல்: “நல்லா வாங்குறான் லா! இன்னும் ஒரே ஒரு வாய் குடுங்க தம்பி!”

என் நாக்கு நுனியிலும் அதேதான் இருந்தது. தலைமுறை தலைமுறையாக நம் ரத்தத்தில் ஊறியது, அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா? உருண்டையைத் தட்டில் வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “அவன் போதும்னு சொல்லிட்டான் அக்கா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சரோஜா அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

ஐந்து வாயில் டியூப் கழன்றுவிடாது. இன்னும் கன்னத்தில்தான் ஒட்டியிருக்கிறது, அன்று பகல் பாலும் அதில்தான் போனது. ஆனால் திங்கள், செவ்வாய், இரண்டு நாளும் அம்மா கையால் வாங்கியிருக்கிறான். புதன்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பேச்சை மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறார். கலா போனில் அழுதாள். இந்த அழுகை வேறு.

எஸ்டேட் முழுக்க இப்போது ஒரே பேச்சு – யுகேஷ் ஐந்து வாய் சாப்பிட்டானாம்! கோயிலில் அர்ச்சனைகூடச் செய்திருக்கிறார்கள்.

ஆறாவது வாயை நான் ஊட்டவில்லையே, அதை ஒருத்தராவது பேச வேண்டுமே... ஊஹும்!